நான்காவது ‘சூலா’

சிவநாயகி எழுதியது மொத்தம் பதினொரு வரிகள். அதிலும் கடைசி இரண்டும் கேள்விகள். அவை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் நாற்பது வருடப் பெயரைப் பிடித்து உலுப்பும் என்று எழுதும்போது அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டாள். கடையில் வாங்கிய தக்காளி அழுகியிருந்தால்கூட அதைத் திருப்பிக் கொண்டுபோக இரண்டு நாள் யோசிக்கிறவள் அவள்.

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில், ரயில் பாதையைப் பார்த்து நிற்கும் பிளொக் ஒன்றின் நான்காம் மாடியில் அவர்களுடைய வீடு இருந்தது. கணவர் இரவீந்திரன் பஸ் ஓட்டினார். மகள் வர்சாவுக்குப் பதினைந்து வயது. சிவநாயகிக்கு நாற்பத்து மூன்று. கிழமை நாட்களில் தபால் பிரிக்கும் வேலை, சனிக்கிழமை காலையில் புருசெத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. தபால் வேலையை அவள் பதினான்கு வருடங்களாக விடாமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கைவேலையைப் பார்க்கலாம் என்பதுதான்.

அவள் கேட்டவை அறுபதுகளில் வந்த பெண்கள் குழுப் பாட்டுகள். மூன்று பேர், சில வேளை நான்கு பேர். ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி உயர்த்திக் கட்டிய கொண்டை. இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு காதல் தொடங்கி, முறிந்து, அழுதும் முடிந்துவிடும். அமெரிக்காவில் பிறந்து, உலகமெல்லாம் பரவி, நோர்வே மொழியிலும் வந்த அந்தப் பாட்டுகளில் அவள் அகப்பட்டுக்கொண்டது 1987இல். மாணவர் விசாவில் வந்து, நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். தமிழ் கதைக்க ஆள் இல்லை. வெளியே விடாத மழை. பொது அறையின் மூலையில் ஒரு பழைய ரெக்கோட் பிளேயரும், சின்னத் தட்டுகள் நிரம்பிய ஒரு சப்பாத்துப் பெட்டியும் கிடந்தன. மற்றப் பிள்ளைகள் புதுக் கசெற்றுகளுக்கு அடிபட்டுக்கொண்டிருந்ததால் அந்தப் பெட்டி முழுக்க அவளுக்கே கிடைத்தது.

முன்னால் ஒருத்தி நின்று தன் துக்கத்தைச் சொல்வாள். அவன் வரவில்லை, ரெலிபோன் அடிக்கவில்லை, மழையும் பெய்கிறது. பின்னால் நிற்கிற இரண்டு பேரும் அவளைத் தனியே புலம்ப விடமாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும், ஓம், எங்களுக்குத் தெரியும், நீ சொல்லு, என்கிற மாதிரி ஒரு பதில் பாடுவார்கள். சிவநாயகிக்கு அப்போது ஒரு சொல்கூட விளங்காது. ஆனாலும் அந்தப் பதில் பாடுகிறவர்களுக்காகவே ஒரு தட்டைப் பத்துத் தரம் போடுவாள். பிறகு அதே பாட்டுகளிலிருந்துதான் நோர்வே மொழியையும் பொறுக்கினாள். வா, போகாதே, நாளைக்கு, யன்னல், வெயில். வகுப்பில் படித்த சொற்கள் மறந்துபோயின. இவை நின்றன.

இப்போது அவளிடம் முந்நூறுக்கு மேல் தட்டுகள் இருந்தன. மற்ற வீடுகளில் பீங்கான் கோப்பை அடுக்கி வைக்கிற கண்ணாடி அலுமாரியில், இந்த வீட்டில் தட்டுகள் நின்றன. “உன்ரை பெட்டையள்” என்றுதான் இரவீந்திரன் அவற்றைச் சொல்வார். தூசி துடைக்கும்போது, உன்ரை பெட்டையளைத் தள்ளிவை என்பார். பிடிக்கும் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அந்த முந்நூறிலும் அவளுக்கு நெருக்கமானவை ஐந்து. சிரீன்பிக்கெனே என்ற ஒஸ்லோக் குழு 1964க்கும் 66க்கும் இடையில் வெளியிட்டவை. விடுதிப் பள்ளியின் சப்பாத்துப் பெட்டியில் அவள் கேட்ட அதே பாட்டுகள். சிரீன் என்றால் வேலியோரத்தில் ஊதா நிறத்தில் பூக்கிற செடி. பெயருக்கேற்ப மூன்று பெண்களும் ஊதாச் சட்டையில் அட்டைப்படத்தில் நின்றார்கள். முன்னால் நின்றவள் விபெக்கெ. பேர்கன் நகரத்துக்காரி, பெரிய கண்கள். அவர்களுடைய ‘நாளைக்கு வெயில்’ என்ற பாட்டு இன்னும் சாகவில்லை. கோடை தொடங்கினால் வானொலியில் வரும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு நிருபர் விபெக்கெயைத் தேடிப் போய் ஒரு படம் எடுத்துப் போடுவார். ‘வெயில் விபெக்கெ’ என்றால் ஐம்பது வயது தாண்டிய நோர்வேக்காரர் எல்லாருக்கும் தெரியும். 66க்குப் பிறகு அவள் பாடவே இல்லை. தொண்டை பழுதாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

2006 ஜனவரியில், ஒரு பழைய தட்டுச் சந்தையில் சிவநாயகிக்கு ‘நாளைக்கு வெயில்’ தட்டின் கீறல் விழாத பிரதி ஒன்று கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடித்து வந்து, மதியச் சோற்றுக்கு முதலே அதைப் போட்டாள். அன்று காலை வகுப்பில் ல, ள வித்தியாசம் படிப்பித்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ள வராது. அப்போது அவள் ஒரு சூட்சுமம் சொல்வாள்: கிழக்கு நோர்வேக் கிராமத்து ஆட்கள் ‘தடித்த எல்’ என்று ஒன்று சொல்வார்களே, நாக்கை மடித்து, அதை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். உடனே வந்துவிடும்.

பாட்டின் முடிவில் ‘சூலா’ என்ற சொல் நான்கு தரம் வரும். வெயில், சூரியன் என்று பொருள். மேளமும் மணியும் எதிரொலியும் சேர்ந்து இரைகிற இடம் அது. பழைய பிரதியில் அந்த இடம் ஒரே கரகரப்பு. புதுப் பிரதியில் துலக்கமாகக் கேட்டது. முதல் மூன்று தரமும் சூலா. நான்காவது தரம் குரல் உச்சத்துக்குப் போய், பாடுகிறவள் தன்னை மறந்து, ‘சூளா’ என்றாள்.

சிவநாயகி ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள். ஐந்தாறு தரம் கேட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

வர்சா ஒரு தரம்தான் கேட்டாள். “அது தடிச்ச எல் தானே அம்மா. அதுக்கு இப்ப என்ன?”

“விபெக்கெ எந்த ஊர்?”

“பேர்கன்,” என்ற வர்சா, சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பேர்கனில் பிறந்தவர்கள் அந்த ஒலியை எழுப்பமாட்டார்கள். அவர்களுடைய நாக்கு அப்படி மடியாது. ர என்ற எழுத்தைக்கூட அவர்கள் தொண்டைக்குள்தான் உருட்டுவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். பாட்டுக்குள் அதைத் தேடவேண்டும் என்றுதான் நாற்பது வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. நாற்பது பேர் வரை இருப்பார்கள், முக்கால்வாசி ஐம்பது தாண்டிய ஆண்கள். எந்தத் தட்டு எந்த மாதத்தில் வந்தது, யார் கிற்றார் வாசித்தார் என்று சண்டை பிடிப்பார்கள். சிவநாயகி அங்கே ‘நாயா’ என்ற பெயரில் மூன்று வருடமாக வாசித்து வந்தாள், எழுதியது குறைவு. அன்று பின்னேரம் உட்கார்ந்து பதினொரு வரிகள் எழுதினாள். வர்சா எழுத்துப்பிழை பார்த்தாள். கடைசி இரண்டு வரிகள் இவை: பேர்கனில் பிறந்த ஒருவர் நான்காவது ‘சூலா’வை இப்படிப் பாடுவாரா? இல்லையென்றால், பாடியவர் யார்?

முதல் கிழமை அவளுக்குச் சந்தோசமாகவே போனது. ஆட்கள் தங்கள் தட்டுகளைத் தேடி எடுத்துக் கேட்டார்கள். சிலர் ஓம் என்றார்கள், சிலர் தட்டுத் தேய்ந்திருக்கும் என்றார்கள். வேலை முடிந்ததும் ஓடிப்போய்க் கணினியைத் திறக்க வேண்டும்போல இருந்தது. பிறகு, அவள் எப்போதோ தன்னைப் பற்றி எழுதியிருந்ததை நினைவில் வைத்து ஒருவர் எழுதினார்: இருபத்து நான்கு வயதில் நோர்வே மொழி படித்த ஒருவர் எங்களுடைய உச்சரிப்பைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுக்கத் தேவையில்லை. அதை வாசித்த அன்று சிவநாயகி தபால் பெட்டிகள் இரண்டைத் தவறான வரிசையில் போட்டாள்.

பெப்ரவரி கடைசியில் ஒரு பத்திரிகை அதைப் பிடித்துக்கொண்டது. நிருபர் குழுவில் அவளுடைய இலக்கத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு நிமிடம் கதைத்தார். அரைப் பக்கம், ஊதாச் சட்டைப் படம், மேலே கொட்டை எழுத்தில் ‘வெயில் விபெக்கெ ஏமாற்றினாரா?’ என்ற தலைப்பு. சிவநாயகி ஏமாற்று என்ற சொல்லை எழுதவே இல்லை. ஆனால் கீழே, இதைக் கண்டுபிடித்தவர் ஹவுகன்ஸ்டுவாவைச் சேர்ந்த தபால் ஊழியர் நாயா என்று இருந்தது. சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தாய், நீங்கள் ஏதோ வழக்கில் மாட்டியிருக்கிறியளாம், உண்மையோ என்று இரகசியமாகக் கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது அலைபேசியில் ஒரு குரல் பதிவு கிடந்தது. முதல் சொல்லிலேயே யார் என்று தெரிந்துவிட்டது. தொண்டைக்குள் உருளும் ர. நான் விபெக்கெ, உன்னுடைய இலக்கத்தைப் பத்திரிகைக்காரரிடம் வாங்கினேன், உன்னைப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வீட்டுக்கு வா. அதற்குப் பிறகு லோறென்ஸ்கூக்கில் ஒரு முகவரி. அவ்வளவுதான்.

வீட்டில் அவள் அதை இரவீந்திரனுக்குப் போட்டுக் காட்டினாள்.

“கோவமாக் கதைக்கிறாவோ?” என்று கேட்டார் அவர். நோர்வே மொழியை அவர் பஸ்ஸில் நன்றாகத்தான் கதைப்பார். ஆனால் பேர்கன் பேச்சு அவருக்குப் பிடிபடாது.

“கோவமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒண்டும் பிடிக்க முடியேல்லை.”

“பயப்பிடாதை. வழக்குப் போடுற ஆள் வீட்டுக்குக் கூப்பிடாது. லோயரின்ரை கடிதம்தான் வரும்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். லோயரைப் பற்றி அதுவரை சிவநாயகி யோசித்திருக்கவில்லை.

வெள்ளியும் சனியும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வழக்கைவிட மற்ற நினைப்புத்தான் அவளை வாட்டியது. அறுபது தாண்டிய ஒரு மனுசி. நாற்பது வருடமாக ஊரெல்லாம் அவளை ஒரு பாட்டின் பெயரால் கூப்பிடுகிறது. அதைத் தவிர அவளிடம் வேறு என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும். அதை நான் போய், வகுப்பில் ஒரு பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துகிற மாதிரி, எல்லாருக்கும் முன்னால் திருத்திவிட்டேனே என்று கிடந்தாள். சனிக்கிழமை பின்னேரம் தட்டைத் திரும்ப எடுத்துப் போட்டாள். இந்த முறை, தன் காது பிழையாக இருக்கவேண்டும் என்று விரும்பிக் கேட்டாள். ல என்று கேட்டுவிட்டால் உடனே இணையத்தில் மன்னிப்பு எழுதிவிடலாம். மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் அது ளதான்.

ஞாயிறு வந்தது. பனி உருகி ரோட்டெல்லாம் சேறு. மன்னிப்புக் கேட்கப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா, எதையாவது கொண்டுபோனால் மனுசியை விலைக்கு வாங்கப் பார்க்கிற மாதிரி இருக்குமா என்று காலை முழுக்கக் குழம்பி, கடைசியில் மரக்கறி ரோல்ஸ் பொரித்து ஒரு டப்பாவில் அடுக்கினாள். இரவீந்திரன் தானே காரை எடுத்தார். நான் உள்ளுக்கு வரேல்லை, வெளியிலை காருக்குள்ளை இருக்கிறன், ஏதும் எண்டால் கூப்பிடு என்றார். போகிற வழி முழுக்க அவள் நோர்வே மொழியில் பாடமாக்கிய மன்னிப்பை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு வெட்டிய வெள்ளை முடி, அட்டைப்படத்தில் இருந்த அதே கண்கள். சிவநாயகியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், பிறகு தோளுக்கு மேலால் ரோட்டைப் பார்த்து, காருக்குள் இருப்பது யார் என்று கேட்டாள். கணவர் என்றதும், இந்தக் குளிருக்குள் ஏன் அங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு சேற்றில் இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினாள். இரவீந்திரன் பிடிபட்ட ஆள் மாதிரி இறங்கி வந்தார்.

வரவேற்பறையில் கோப்பி இருந்தது. விபெக்கெ இரவீந்திரனுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தாள். மொத்தம் நான்கு. சிவநாயகி அதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்தவுடன், தாமதித்தால் சொல் மறந்துவிடும் என்ற பயத்தில், மன்னிப்பைத் தொடங்கினாள். நான் உங்களைப் புண்படுத்த எழுதவில்லை, அந்தத் தலைப்பு என்னுடையது அல்ல, நான் அந்தப் பாட்டை நேசிக்கிறவள். நோர்வே மொழியில் எல்லாருக்கும் ஒரே ‘நீ’தான். அவள் மனதுக்குள் ஒவ்வொரு ‘நீ’யையும் ‘நீங்கள்’ ஆக்கிக்கொண்டே சொன்னாள். பாதியில் விபெக்கெ கையை உயர்த்தி நிறுத்தினாள்.

அந்த நேரம் குசினிப் பக்கமிருந்து இன்னொரு பெண் வந்தாள். குள்ளமான, தடித்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. கையில் சுடச்சுட வாபிள் அப்பங்கள் அடுக்கிய தட்டு. அதை மேசையில் வைத்தபடி, யாருக்கும் என்றில்லாமல், யன்னலைப் பார்த்து, வெயில் வந்துவிட்டது, திரையைக் கொஞ்சம் இழுக்கட்டுமா என்று கேட்டாள்.

‘வெயில்’ என்பதற்கு அவள் சொன்ன சொல் ‘சூளா’.

சிவநாயகியின் கையில் கோப்பை நின்றது. அந்தப் பெண்ணையே பார்த்தாள். அவளும் திரையில் வைத்த கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

விபெக்கெ சொன்னாள்: “இவள் கெர்ட். நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் இவள்தான்.”

பிறகு இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருத்தி விட்டதை மற்றவள் எடுத்தாள். கெர்ட், கிழக்கு நோர்வேயில் ஹாமார் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தவள். 1964இல் பத்தொன்பது வயது. பாட்டுப் பதிவு செய்கிற கட்டடத்தின் மேல்மாடியில் தட்டெழுத்து வேலை. தட்டெழுதும்போது வாய்க்குள் பாடுகிற பழக்கம். படிக்கட்டில் அதைக் கேட்ட தயாரிப்பாளர் அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். ஆனால் அவளுடைய தகப்பன் ஊர்ப் பிரார்த்தனை வீட்டில் பிரசங்கம் செய்கிறவர். மகள் காதல் பாட்டுப் பாடினாள் என்று தெரிந்தால் வீட்டுக் கதவு திறக்காது. என்னுடைய பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று கெர்ட் கெஞ்சினாள். அப்படியானால் முன்னால் விபெக்கெ நிற்கட்டும் என்றார் தயாரிப்பாளர். ஒரு மாதத்தில் ஊர் மறந்துபோகிற பாட்டுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை என்றாராம்.

ஊர் மறக்கவில்லை. தட்டுக்கு மேல் தட்டு வந்தது. மேடைகளில் தட்டை ஓடவிட்டு வாயசைத்தார்கள். 66இல், கோடை விழாக்களில் நேரடியாகப் பாடவேண்டும் என்று ஒப்பந்தம் வந்தபோது, விபெக்கெ தொண்டை பழுது என்று சொல்லிக் குழுவையே கலைத்தாள். அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது.

“நான் வாய் திறந்தால் தெரிந்துவிடுமே,” என்றாள் விபெக்கெ. “பிறந்தநாள் வீட்டில் எல்லாரும் பாடுவார்கள், நான் வாயை மட்டும் அசைப்பேன். என்னுடைய மகளின் கல்யாணத்தில் பாடச் சொல்லி அவளே வந்து கேட்டாள். முடியாது என்றேன். அவள் அழுதாள். பிள்ளையைத் தூங்க வைப்பதற்குக்கூட, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகத்தான் பாடியிருக்கிறேன்.”

கெர்ட்டின் தகப்பன் எண்பதுகளிலேயே இறந்துபோனார். பிறகும் ஏன் சொல்லவில்லை என்று சிவநாயகிக்குக் கேட்க வாய் வந்தது. கேட்காமலே கெர்ட் சொன்னாள். விபெக்கெக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது, அதைப் பறிக்கக் கூடாது என்று கெர்ட் இருந்தாளாம். கெர்ட் இன்னும் பயப்படுகிறாள், வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று விபெக்கெ இருந்தாளாம். இருபது வருடமாக ஒருவருக்கொருவர் கதைத்ததும் இல்லை. பத்திரிகை வந்த அன்று காலை எட்டு மணிக்குக் கெர்ட்தான் விபெக்கெக்கு ரெலிபோன் எடுத்தாள்.

“நாற்பது வருடமாக என்னிடம் எத்தனையோ நிருபர்கள் வந்தார்கள்,” என்றாள் விபெக்கெ. “சட்டை என்ன நிறம், யாரைக் காதலித்தாய், என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் கேட்டார்கள். பாடியது நீதானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.”

சிவநாயகி, பாடமாக்கிய மன்னிப்பின் மிச்சத்தை விட்டுவிட்டாள். கையிலிருந்த கோப்பியை ஒரு வாய் குடித்தாள். இரவீந்திரன் அதைப் பார்த்துவிட்டு, இதுவரை தொடாமல் இருந்த வாபிளை எடுத்துக் கடித்தார்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று கேட்கத் தோன்றியது. அப்படியானால் அந்தத் தட்டுகளில் நீங்கள் பாடவே இல்லையா?

“பாடினேன். பின்னால். கீழ்க் குரல்,” என்றாள் விபெக்கெ, அது ஒரு பொருட்டே இல்லை என்கிற மாதிரி. “அதை யார் கேட்கிறார்கள்.”

பத்தொன்பது வருடங்களுக்கு முதல், மழை பெய்த அந்தப் பொது அறையில், சிவநாயகி பத்துத் தரம் போட்டுக் கேட்டது அந்தக் கீழ்க் குரலைத்தான். முன்னால் பாடுகிறவளின் குரல் நல்ல குரல்தான். ஆனால் தனியாக இருந்த பெட்டைக்கு, ஓம், எனக்குத் தெரியும் என்று பதில் சொன்னது மற்றது. அதை அவள் நோர்வே மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். விபெக்கெ நம்பாத பார்வை பார்த்தாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்கவேண்டும்.

அதனால் சிவநாயகி விவரமாகச் சொன்னாள். இரண்டாம் தட்டில், இரண்டாம் அடியில், முன்னால் பாடுகிறவள் அவன் திரும்பி வருவான் என்று சொல்கிற இடத்தில், கீழ்க் குரல் அரைத் தாளம் பிந்தித்தான் வரும். “அது எனக்கு நல்ல விருப்பம். சிநேகிதிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவளுடைய மனம் நோகக் கூடாது என்று, கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்கிறாள். அதை எப்படி அவ்வளவு நன்றாகச் செய்தீர்கள்?”

விபெக்கெ கெர்ட்டைப் பார்த்தாள். கெர்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நான் பிந்திவிட்டேன்,” என்றாள் விபெக்கெ. “தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டு நின்றேன். திரும்பப் பதிவுசெய்ய நேரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டு, யாரோ அதைக் கேட்டிருக்கிறார்கள் என்று தனக்குள்ளே சொன்னாள்.

அந்த வீட்டில் ஒரு தட்டுக்கூட இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ கொடுத்துவிட்டாளாம். ஆகவே கெர்ட் மேசையில் விரலால் தாளம் போட்டு, அந்த இரண்டாம் பாட்டைத் தொடங்கினாள். வயதான குரல், மேலே போக முடியாமல் ஒரு படி இறக்கிப் பாடினாள். விபெக்கெ முதல் பதிலில் சேர்ந்து, குரல் உடைந்து நிறுத்தினாள். கெர்ட் நிறுத்தவில்லை. அடுத்த வரியில் விபெக்கெ திரும்ப ஏறிக்கொண்டாள். துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி முதலில் கரகரத்து, இரண்டாம் அடிக்கு வரும்போது சீராகிவிட்டது. சொன்ன இடத்தில் அரைத் தாளம் பிந்தினாள். இப்போது வேண்டுமென்றே. சிவநாயகிக்கு மூன்றாம் குரல் தெரியும். ஆனால் பாடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

போகும்போது விபெக்கெ ரோல்ஸ் டப்பாவைத் திறந்து, ஒன்றைக் கடித்து, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொன்றை எடுத்தாள்.

கார் லோறென்ஸ்கூக்கைத் தாண்டியதும் இரவீந்திரன், “அந்தத் தும்மல் வந்த தட்டு எங்கடை வீட்டிலை இருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம். இருக்கு.”

“வீட்டை போய் ஒருக்காப் போடு. கேப்பம்.”

கலியாணம் செய்து பதினேழு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம். சிவநாயகி சரி என்றாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவளுக்கு எதையும்விடப் பசிதான் முன்னுக்கு நின்றது. வர்சா தனக்கென்று எடுத்து வைத்திருந்த புட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, நடந்ததை அவளுக்கு ஒன்றும் விடாமல் சொன்னாள். அதன் பிறகுதான் தட்டு சுழன்றது.

பத்திரிகையைக் கூப்பிட்டது அந்த இரண்டு பெண்களும்தான். ஏப்ரலில் இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிற படம் வந்தது. ஏமாற்றினார்களா என்று தலைப்பில் யாரும் கேட்கவில்லை. பாடியது கெர்ட், பின்னால் பாடியது விபெக்கெ, கண்டுபிடித்தது சிவநாயகி என்று முழுப் பெயரோடு எழுதியிருந்தார்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கெர்ட்டின் ஊரிலிருந்து அவளுடைய தம்பி மட்டும் கூப்பிட்டு, அப்பாவுக்கு அப்பவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன், வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் நிறுத்தமாட்டார் என்றாராம். இணையக் குழுவில், பாடம் எடுக்கத் தேவையில்லை என்று எழுதியவர், ஒரு மாதம் கழித்து ஒரே வரி எழுதினார்: எனக்கும் இப்போது கேட்கிறது. சிவநாயகி அதற்கு நன்றி என்று பதில் போட்டாள். வேறு ஒன்றும் எழுதவில்லை.

மே பதினேழாம் தேதி, நோர்வேயின் தேசிய தினத்தன்று பின்னேரம், விபெக்கெயிடமிருந்து அழைப்பு வந்தது. பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட ஊர்வலத்தோடு ரோட்டில் நடந்தாளாம். எல்லாரோடும் சேர்ந்து பாட்டுகள் முழுவதையும், ஒரு அடி விடாமல், வாய்விட்டுப் பாடினாளாம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கத்தில் வந்த மனுசன் என்னைவிடக் கேவலமாகப் பாடினான் என்று சொல்லிச் சிரித்தாள். மகள் மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாளாம். திங்கட்கிழமைகளில் ஊர்த் தேவாலயத்தில் ஒரு பாடகர் குழு கூடுகிறது, அதில் சேரப் பெயர் கொடுத்திருக்கிறேன், கீழ்க் குரலுக்கு ஆள் குறைவாம் என்றாள்.

சிவநாயகி அலைபேசியை வைத்தபோது, இரவீந்திரன் அடுத்த நாள் வேலைக்கு நீலச் சேர்ட்டை அயன்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“பாடினவவாம். ரோட்டிலை, எல்லாருக்கும் முன்னாலை.”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லையாம்.”

“பின்னை என்ன,” என்றார் அவர், சேர்ட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.